ஜிமிக்கிப் பெட்டியில் காது மெஷின்

நான் ஆடியாலஜி மேற்படிப்பு படிக்கிறேன் என்று ஊரில் யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரு சிரிப்பு. "காது கொடையறதுக்கு மெட்ராஸ் வரிக்கும் போய்ப் படிக்கணுமா?" என்பார் பக்கத்து வீட்டுச் சித்தப்பா. சிரித்து முடித்த கையோடு தன் காதையும் என் பக்கம் திருப்புவார். "இது ஒரு வாரமா அடச்சிக்கினு கீது, இன்னான்னு பாரு." நான் காது டாக்டர் இல்லை, காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து பார்க்கிறவள், கேட்காத காதுக்கு என்ன வழி என்று சொல்கிறவள் என்று விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் பேசாமல் டார்ச் அடித்துப் பார்த்துவிடுகிறேன்.

எனக்குத் தெரிந்து எங்கள் கல்வராயன் மலையிலிருந்து இந்தப் படிப்புக்குப் போனது நான் ஒருத்திதான். கல்யாண வீடுகளில் என்னைக் கையைப் பிடித்து இழுத்து நாலு பேருக்குக் காட்டுவார்கள். "நம்ம பொண்ணு, காதுக்குப் படிக்குது." அந்தப் பெருமையைக் கேட்கும்போது ஒரு காலத்தில் எனக்குள்ளும் ஜில்லென்று இருந்தது. இப்போது அப்படி யாராவது சொன்னால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். காதுக்குப் படித்து நான் என்ன கிழித்தேன் என்று எங்கள் வீட்டில் வந்து பார்த்தால் தெரியும்.

எங்கள் ஊர் வெள்ளிமலையைத் தாண்டி, பஸ் ரோட்டை விட்டு இறங்கி நடந்தால் வருவது. சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். அண்ணன் வருஷத்தில் பாதி நாள் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருப்பான். வீட்டில் அப்பா, அம்மா, அண்ணி, அண்ணனின் மகள். அண்ணனுக்கு அவள் ஒரே குழந்தை. துறுதுறுவென்று இருப்பாள். ஆட்டுக்குட்டியைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடுவாள். அண்ணி வாயைத் திறப்பதற்குள் சொம்பை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். "எம் பொண்ணு கற்பூரம்" என்று அண்ணி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கற்பூரம்தான், அதில் பொய் இல்லை.

அவளுக்கு மூன்று வயது ஆனபோது நான் பட்டப்படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தேன். மாரியம்மன் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். அவள் களத்தில் தனியாக உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கை தட்டினேன். திரும்பவில்லை. உள்ளே போய் ஒரு தட்டை எடுத்து வந்து கரண்டியால் அடித்தேன். கூரையில் இருந்த காக்கா பறந்தது, இவள் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

அண்ணியிடம் சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "உன் பொஸ்தகத்துல இருக்கற நோவையெல்லாம் எம் புள்ள மேல ஏத்தாத. நான் கூப்புட்டா ஓடி வர்றா. இன்னா சொன்னாலும் செய்றா. செவுடு எப்பிடிச் செய்யும்?" அம்மாவும் அவள் பக்கம்தான். "உங்கண்ணனே நாலு வயசு வரிக்கும் பேசலடி. லேட்டா பேசற வம்சம் இது." அண்ணி உடனே நிரூபித்தும் காட்டினாள். குழந்தை எங்கள் எல்லோரையும் பார்த்தபடி நடுவில் நின்றாள். அண்ணி அவளுக்குப் பின்னால் போய்க் கூப்பிட்டாள். பொட்டென்று திரும்பி ஓடிப் போய் அம்மா காலைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்த விடுமுறையில் அண்ணி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அப்படியே ஒரு வருஷம் போனது. நான் சென்னையில் மேற்படிப்பில் சேர்ந்திருந்தேன்.

அந்தக் குழப்பத்துக்கு விடை முதல் செமஸ்டரிலேயே கிடைத்தது. சின்னக் குழந்தைகளின் காதைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் குழந்தைக்கு எதிரே பொம்மையோடு உட்கார்ந்திருப்பார். இன்னொருத்தர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தம் கொடுப்பார். எதிரே இருக்கிறவர் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. சத்தம் வந்ததும் புருவம் அசைந்தாலோ, கண் ஒரு பக்கம் ஓடினாலோ போச்சு, குழந்தை அதைப் பார்த்தே திரும்பிவிடும். கேட்டது என்று நாமும் எழுதிவிடுவோம். எனக்கோ மனசில் ஒன்று வந்தால் அடுத்த நிமிஷம் முகத்தில் வந்துவிடும். எங்கள் பேராசிரியை முதல் நாளே பிடித்துக்கொண்டார். "சத்தத்தை விட உன் மூஞ்சி சத்தமா இருக்கு. அதை முதல்ல ஆஃப் பண்ணு" என்றார். கூடப் படித்தவர்கள் எனக்கு லவுட்ஸ்பீக்கர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஹாஸ்டல் கண்ணாடிக்கு முன்னால் நின்று முகத்தைச் செத்த முகமாக வைத்துக்கொள்ளப் பழகினேன்.

பழகும்போதுதான் அந்தத் திருவிழா நாள் விளங்கியது. அன்றைக்கு அவள் அம்மாவின் குரலைக் கேட்டுத் திரும்பவில்லை. எதிரே நின்ற எங்கள் அத்தனை பேர் கண்ணும் அண்ணியைப் பார்த்தன. அதைப் பார்த்துத் திரும்பினாள். வீட்டில் செய்கிற ஒவ்வொரு வேலையையும் அவள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். அம்மா அடுப்புப் பக்கம் பார்த்தால் சொம்பு, வாசலைப் பார்த்தால் செருப்பு. எப்பேர்ப்பட்ட மூளை அது! அந்த மூளையே அவளுக்கு எமனாக வந்தது. கொஞ்சம் மந்தமாக இருந்திருந்தால் யாராவது முன்பே கண்டுபிடித்திருப்பார்கள்.

நாலு வயது முடிந்தும் ஒரு சொல் வராததால் அங்கன்வாடி டீச்சர் பேச்செடுத்தாள். டீச்சர் சொன்ன பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டான். தங்கச்சி சொன்னால் ஏறாது, டீச்சர் சொன்னால் ஏறும். சரி, எப்படியோ வந்தார்கள். எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே பெரா டெஸ்ட் எடுத்தோம். குழந்தையை மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டி, காதில் டிக் டிக் என்று சத்தம் விடுவது. சத்தம் மூளைக்குப் போனால் திரையில் கோடு மேடும் பள்ளமுமாக எழும்பும். சீனியர் பக்கத்தில் நிற்க நானேதான் எடுத்தேன். சத்தத்தை ஏற்றினேன். ஏற்றிக்கொண்டே போனேன். அதற்கு மேல் மெஷினில் இல்லை என்கிற இடம் வரை போனேன். கோடு எழும்பவே இல்லை. அடுத்த காதும் அப்படியே.

அண்ணி என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். "கோடு நேரா வருதேம்மா, நல்லதுதான?" என்றாள்.

"நேரா வரக் கூடாது அண்ணி" என்றேன். மற்றதையெல்லாம் சீனியர்தான் உட்கார வைத்துச் சொன்னார்.

ஒரு வழி இருந்தது. காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷன். அரசாங்கமே செய்து தரும், ஆனால் குழந்தைக்கு ஆறு வயது தாண்டியிருக்கக் கூடாது. அதற்கு முன்னால் சில மாதம் காது மெஷினைத் தினமும் போட்டுப் பழகியிருக்க வேண்டும், பேச்சுப் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும். அப்புறம் டாக்டர்கள் கூடிப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுடைய அளவுக்குச் சாதாரண மெஷின் பெரிதாக எதையும் கேட்க வைக்காது. ஆபரேஷன் நடந்தால் அவள் பேசுவாள். நடக்காவிட்டால் பேச மாட்டாள். மூளை பேச்சைப் பிடித்துக்கொள்கிற வயது ஒன்று இருக்கிறது, அது போனால் போனதுதான். இதைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான். எழுதும்போதெல்லாம் அவள் என்னை அத்தை என்று கூப்பிடுகிற குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே எழுதினேன். கட்டையான குரலாக இருக்கும் என்று ஏனோ நினைத்துக்கொண்டேன், அண்ணனுக்கு அப்படி.

சர்ட்டிபிகேட்டுக்கும் கையெழுத்துக்குமாக மாசக்கணக்கில் அலைந்த அலைச்சலெல்லாம் முடிந்து கள்ளக்குறிச்சியில் ஒரு முகாமில் காது மெஷின் கொடுத்தார்கள். எனக்கு அப்போது செமஸ்டர் பரீட்சை, போக முடியவில்லை. அண்ணியும் அப்பாவும் கூட்டிப் போனார்கள். மாட்டிவிட்ட ஆள், மலையிலிருந்து வந்தவர்களிடம் எல்லா ஆபீசிலும் எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேசியிருக்கிறான். "இது எவ்ளோ வெலை தெரியுமா? மண்ணு படக் கூடாது, தண்ணி படக் கூடாது, வேர்வை படக் கூடாது. தொலைச்சிட்டு வந்து நின்னா மறுபடி கிடையாது. பத்திரம்." தினமும் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரை போட வேண்டும் என்பதை அவன் சொன்னானா இல்லையா, தெரியாது. சொல்லியிருந்தாலும் அது இவர்கள் காதில் விழுந்திருக்காது. அண்ணியும் அப்பாவும் மலை ஏறியது "பத்திரம்" என்கிற ஒரே சொல்லோடுதான்.

ஆஸ்பத்திரி ட்யூட்டி, ஆய்வேடு என்று அந்த மாதங்களில் என்னால் ஊருக்கு வர முடியவில்லை. ஊரில் டவர் கிடையாது. மேட்டுப் பாறைக்கு ஏறி வந்தால்தான் அண்ணி என்னோடு பேச முடியும். சந்தை நாளில் ஏறி வருவாள்.

"மெஷின் போடறீங்களா அண்ணி?"

"போடாம? இன்னிக்குச் சந்தைக்கு இட்டுக்கினு போவ சொல்ல கூட போட்டுதான் இட்டுக்கினு போனேன். எல்லாரும் இன்னா இன்னான்னு கேட்டாங்க."

"பயிற்சிக்கு?"

"வாரா வாரம் போறம்மா. பஸ்ஸு வரலன்னா கூட கரியாலூர் வரிக்கும் நடந்து போயி ஏறறோம்."

அதுவும் உண்மை. கள்ளக்குறிச்சிப் பயிற்சி மையத்தில் விசாரித்தேன், ஒரு வாரம் தவறவில்லை, மெஷினோடுதான் வருகிறாள் என்றார்கள். பேட்டரி கூட அவர்களே மாற்றிக் கொடுத்தார்களாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணி என்னை ஜெயித்துக் காட்டப் போகிறாள் என்று ஹாஸ்டலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டாக்டர்கள் பார்க்கிற நாள் வந்தது. அவளுக்கு ஆறு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். அண்ணி கல்யாணப் புடவை கட்டி வந்திருந்தாள். குழந்தைக்குத் தலை நிறையக் கனகாம்பரம், காதில் ஜிமிக்கி, காதுக்கு மேலே மெஷின். உள்ளே ஒரு டாக்டர் அவள் காதிலிருந்து அச்சைக் கழற்றினார். அச்சு என்பது காதுக்குள் போகிற பாகம், ஒவ்வொரு காதுக்கும் அளவெடுத்துச் செய்வது. தினமும் போட்டால் மஞ்சள் ஏறிவிடும், ஓரத்தில் அழுக்கு படியும். இது பளிங்கு மாதிரி இருந்தது. போதாததற்குக் காதுக்குச் சின்னதாகிவிட்டிருந்தது.

"வீட்ல எவ்ளோ நேரம் போடறாம்மா?" என்று டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

அண்ணி கைப்பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள். சிவப்பு வெல்வெட் வைத்த நகை டப்பா. அவள் கல்யாணத்துக்கு வாங்கியது, எனக்குத் தெரியும். மூடியில் மஞ்சள் குங்குமப் பொட்டு. முகாமில் கொடுத்த பேட்டரி அட்டை அதற்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒரு பேட்டரியிலும் ஸ்டிக்கர் பிரிக்கப்படவில்லை. "வூட்ல போட்டா மண்ணுல பொரண்டு கெடுத்துடுவா சார். வெளிய எங்கனா போவ சொல்ல போட்டு, வந்ததும் ஜிமிக்கியோட கழட்டி இதுல வெச்சிப் பெட்டில பூட்டிடுவேன். பாருங்க, ஒரு கீறல் கிடையாது" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. பாராட்டப் போகிறார்கள் என்று நின்றாள்.

எங்கள் பக்கத்தில் காதில் போடுகிறது எதுவானாலும் அப்படித்தான். களை எடுக்கும்போதும் ஆடு ஓட்டும்போதும் யாரும் ஜிமிக்கி போட்டுக்கொள்வதில்லை. ஊருக்குப் போகும்போது போடுவது, வந்ததும் கழற்றிப் பெட்டியில் வைப்பது. இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். தோன்றவில்லை. மெஷின் என்றால் எனக்கு மெஷின், அவ்வளவுதான்.

டாக்டர் அண்ணியைத் திட்டவில்லை. என்னைப் பார்த்தார். "மூணு மாசமாவது ஒழுங்கா போட்டுட்டு வரணும்மா. ஆனா" என்று ஃபைலில் பிறந்த தேதியைப் பார்த்தார். நான் கெஞ்சினேன். நானும் இந்தப் படிப்புதான் சார், ஹாஸ்டலை விட்டு வீடு எடுத்து இவளை என்னோடு வைத்துக்கொள்கிறேன், நாள் முழுக்கப் பயிற்சி கொடுக்கிறேன் என்றேன். காலில் மட்டும்தான் விழவில்லை. "விதி எங்க கையில இல்லம்மா. நீ படிக்கிறவ, உனக்கே தெரியும். இவ்ளோ லேட்டுக்கு அப்புறம் பண்ணாலும் பேச்சு எவ்ளோ வரும்?" என்றார். எனக்குத் தெரியும். தெரிந்து தொலைத்ததுதான் பிரச்சினை.

வராந்தாவுக்கு வந்ததும் நான் கத்தினேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை. "நகையா அது? நகையா? உம் பொண்ணோட வாயப் பெட்டில வெச்சிப் பூட்டிட்டியே!" நீ, வா, போ என்று அண்ணியிடம் நான் பேசியது அந்த ஒரு தடவைதான். அண்ணி சுவரோடு ஒண்டிக்கொண்டாள். "நான் இன்னா தூக்கியாம்மா போட்டேன்? தொலஞ்சா கிடையாதுன்னு சொன்னாங்களே. கண்ணாட்டம் வெச்சிருந்தனே" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நின்ற குழந்தை என் வாயையும் அவள் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தானே மெஷினையும் ஜிமிக்கியையும் கழற்றி அம்மா கையில் கொடுத்தாள். சண்டை அதனால்தான் என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது.

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறியது. கோமுகி அணை தெரிந்ததும் குழந்தை ஜன்னலைத் தட்டித் தட்டிக் காட்டினாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஆறு முடிந்தது. எனக்குக் கடைசி செமஸ்டரும் முடிந்தது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு சாமை அறுப்புக்கு ஊருக்கு வந்தேன். பட்டம் வந்துவிடும். மலையில் எனக்கு வேலை கிடையாது, அப்படி ஒரு வேலையிடமே இல்லை. சென்னையில் ஏதாவது காது மெஷின் கடையில் உட்கார்ந்து ரிட்டயர்டு ஆட்களுக்கு டிவி சத்தம் சரியாகக் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நினைத்தாலே ஆத்திரமாக வருகிறது.

வீட்டில் அண்ணி ஆளே மாறியிருந்தாள். குழந்தை கண் விழித்ததும் மெஷினை மாட்டிவிடுகிறாள். புது அச்சு செய்து வாங்கியிருந்தார்கள். மண்ணில் புரண்டாலும் மாட்டிவிடுகிறாள், ஆட்டோடு ஓடினாலும் விடுவதில்லை. காது மடல் சிவந்து கிடந்தது. ஜிமிக்கி மட்டும் பெட்டியில் இருந்தது. தினமும் இதைப் போட்டால் தான் கெடுத்தது சரியாகிவிடும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அப்படி ஆகாது என்று நானும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

களத்தில் சாமைக் கட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. குழந்தை என் எதிரே உட்கார்ந்து என் வளையலைக் கழற்றி மாட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அண்ணி அவளுக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில் வந்து நின்றாள். எனக்கு ஜாடை காட்டிவிட்டுக் கூப்பிட்டாள். "கண்ணு!"

குழந்தை தலையைத் தூக்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். உடனே திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"கேட்டுட்ச்சிம்மா! பாத்தியா, கேட்டுட்ச்சி!" அண்ணிக்கு மூச்சு வாங்கியது. "போட்டுக்கினே இருந்தா வரும்னு எனக்குத் தெரியும். இரு, இன்னொரு வாட்டி கூப்புடறேன்."

முதல் தடவை அவள் கூப்பிட்டபோது என் முகம் முழுக்க ஆசையாக இருந்திருக்கும், லவுட்ஸ்பீக்கராக. இந்தத் தடவை நான் படித்ததைச் செய்தேன். ஏன் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அப்படியே விட்டிருக்கலாம். முகத்தை அணைத்தேன். கண்ணை வளையலை விட்டு எடுக்கவில்லை.

"கண்ணு." அண்ணி கூப்பிட்டாள். "கண்ணு, இங்க பாரு. அம்மா கூப்புடறேன்." கத்தினாள். ஆட்டுக்குட்டி திரும்பிப் பார்த்தது. குழந்தை வளையல் விளையாட்டை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஏன் ஒன்றும் இல்லை என்று அவளுக்கு விளங்கவில்லை. கையை நீட்டி என் கன்னத்தைத் தட்டினாள்.

அண்ணி வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் மூஞ்சியப் பாத்துதான் திரும்பினாளா?"

"ஆமா அண்ணி."

"அப்ப, பொறந்ததுலேர்ந்து நான் கூப்புட்டு ஓடியாந்ததெல்லாம்?"

என் முகத்தைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள்.

"ஒரு வாட்டி கூடவா என் கொரலு கேட்டதில்ல?" என்றாள்.

குழந்தை அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்து உள்ளே ஓடிப் போய், அம்மாவுக்குத் தண்ணீர் வேண்டும் போல என்று சொம்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.